காட்டில் காய்ந்த நிலா

என் அக்காள் மகன் அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில் வேலை பார்க்கிறான். விடுமுறை வந்தால் கூடாரத்தைக் காரில் போட்டுக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவான். சமீபத்தில் அவனிடமிருந்து ஒரு நீண்ட கடிதம் வந்தது. பாதிக் கடிதம் வர்ணனை. மீதிப் பாதி கோபம்.

"மாமா, நாளெல்லாம் காரோட்டி, கடைசியில் தார் காணாத சாலையில் எலும்பு கழன்றுவிடும்போல் குலுங்கி, யுரேகா பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்ந்தேன். ஏறக்குறைய எழுநூறு அடி உயரத்துக்கு மணல் மலை! அதன் உச்சியிலிருந்து பலகைமேல் நின்று சறுக்கிக்கொண்டு இறங்கவேண்டும் என்று ஆறு மாதமாக ஆசை. பலகையும் காசு கொடுத்து வாங்கியாயிற்று. அங்கே போனால், சறுக்கக்கூடாது என்று அறிவிப்பு வைத்திருக்கிறார்கள். காரணம் என்ன தெரியுமா? ஒரு புல்லும் ஒரு பூவும்! அந்தப் பூவும் ராத்திரியில்தான் பூக்குமாம். அந்த வனாந்தரத்தில் ராத்திரி வேளையில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்? பார்க்க ஆளில்லாத பூவுக்காக, பார்க்க வந்த ஆளைத் தடுப்பது என்ன நியாயம்? நீங்கள் கதை எழுதுகிறவர். சொல்லுங்கள்."

கூடவே ஒரு படம். இருட்டில் கைவிளக்கை அடித்து எடுத்தது. மணலோடு மணலாகப் படிந்த சாம்பல் பச்சை இலைகள். நடுவே நான்கு இதழ்களோடு வெள்ளை வெளேர் என்று ஒரு பூ. ஓரத்தில் என்னவோ புகைபோல் தீற்றியிருந்தது. "பூச்சி ஒன்று குறுக்கே வந்து படத்தைக் கெடுத்துவிட்டது, மன்னியுங்கள்" என்று கீழே எழுதியிருந்தான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவன் கட்சிதான் சரி என்று பட்டது. ஒரு மனிதனுடைய ஆசை பெரிதா, யாரும் பறிக்காத, யாரும் சூடாத, யாரும் காணாத ஒரு பூ பெரிதா? 'காட்டில் காய்ந்த நிலா' என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்? இரண்டு வரியில் "நீ சொல்வது சரிதானப்பா" என்று எழுதிப் போட்டிருப்பேன். ஆனால் அந்தப் பழமொழியைப் பதில் கடிதத்தில் எழுதப்போன இடத்தில் கை நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பூவைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம் என்று புத்தகங்களைப் புரட்டினேன்.

யுரேகா என்றால் கிரேக்க மொழியில் 'கண்டுகொண்டேன்' என்று பொருள். ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியிலிருந்து எழுந்து ஓடிய கதையில் வரும் அதே சொல்தான். கலிபோர்னியா மாகாணத்தின் முத்திரைச் சொல்லும் அதுவே. இன்யோ மாவட்டத்தில், 'கடைசி வாய்ப்பு' என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒரு மலைத்தொடரின் அடிவாரத்தில், மூன்று மைல் நீளமும் ஒரு மைல் அகலமுமாக இந்த மணல் குவிந்திருக்கிறது. உயரம் 680 அடிக்கு மேல். உச்சியிலிருந்து காய்ந்த மணல் சரியும்போது தொலைதூரத்தில் ஆகாய விமானம் போவதுபோல, அல்லது மாதா கோயில் ஆர்கன் வாத்தியத்தின் அடிக்கட்டை சுருதிபோல, மணல் பாடுமாம். பாலைவனம் என்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத இடம் என்றுதான் நாம் நினைக்கிறோம். மணல் மேட்டின் சூட்சுமம் வேறு. மேலே விழுகிற மழையை மணல் உடனே உள்ளுக்கு இழுத்துக்கொள்கிறது. வெயில் மேல்தோலைத்தான் காய்ச்சுகிறது. வயிற்றுக்குள் ஈரம் பத்திரமாக இருக்கிறது. இறுகிய தரையில் பெய்து ஓடி ஆவியாகிவிடும் மழையைவிட, மணலில் பெய்த மழைதான் அதிக நாள் பயன்படுகிறது.

அந்த ஈரத்தை நம்பித்தான் இந்தப் பூ பிழைக்கிறது. ஆங்கிலத்தில் இதன் இனத்துக்கு ஈவினிங் பிரிம்ரோஸ் என்று பெயர். நான் அந்திப்பூ என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். (நம் கொல்லைகளில் மாலையில் மலரும் அந்திமந்தாரைக்கும் இதற்கும் உறவில்லை.) தாவர நூலார் இந்த மணல்மேட்டு வகைக்குத் தனிப்பெயர் வைத்தது 1955-ல். உலகத்தில் யுரேகா பள்ளத்தாக்கைத் தவிர வேறெங்கும் இது கிடையாது. அந்தப் பள்ளத்தாக்கிலும் மூன்று மணல்மேடுகளில்தான் இருக்கிறது. மழை ஏமாற்றிய வருஷங்களில் தேடினாலும் ஒரு செடி அகப்படாது. மழை வாய்த்துவிட்டால் ஆயிரக்கணக்கில் முளைத்து மேட்டடியே வெள்ளையாகிவிடும். இடைப்பட்ட காலத்தில் விதைகள் மணலுக்கடியில் பொறுத்திருக்கின்றன.

பாலை மணல் சும்மா கிடப்பதில்லை. காற்றடித்தால் நகரும். நகர்ந்தால் செடியை மூடும். மூடினால் மற்றச் செடிகளுக்குச் சாவு. இது என்ன செய்கிறது தெரியுமா? மணல் மூடிய கிளையின் நுனியில், மணலுக்கு மேலே, மறுபடியும் ஒரு இலைக்கொத்தை விடுகிறது. அந்த இடத்திலிருந்து புதிதாக வாழத் தொடங்குகிறது. மூடினால் மறுபடி ஒன்று. பொழுது சாய்ந்த பிறகு பூ விரிகிறது. மறுநாள் வெயில் ஏறுவதற்குள் இளஞ்சிவப்பாக நிறம் மாறி வாடிவிடுகிறது. ஒரு பூவுக்கு ஓர் இரவு. அவ்வளவுதான் கணக்கு.

பின்னாளில் இந்த மணலுக்கு ஒரு புதிய ஆபத்து வந்தது. மணலில் ஓடக்கூடிய மோட்டார் வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் பெருகின. மேட்டில் ஏறி இறங்கிப் பந்தயம் விடுவது ஒரு விளையாட்டாயிற்று. காற்றைச் சமாளித்த செடி ஒரு டயரைச் சமாளிக்க முடியுமா? 1976-ல் மேட்டில் வண்டி ஓட்டுவதைத் தடை செய்தார்கள். 1978-ல் அந்திப்பூவையும், அதே பள்ளத்தாக்கில் மட்டும் முளைக்கும் ஒரு புல்லையும் அழியும் நிலையிலுள்ளவை என்று மத்திய அரசாங்கம் பட்டியலில் சேர்த்தது. 1994-ல் அந்தப் பள்ளத்தாக்கு டெத் வேலி தேசியப் பூங்காவோடு சேர்ந்தது. என் மருமகன் பார்த்த அறிவிப்புக்குப் பூர்வ கதை இதுதான்.

இப்போது பழமொழிக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் ஓர் அத்தைப் பாட்டி இருந்தாள். என் தாத்தாவின் தங்கை. இருபத்திரண்டு வயதில் கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். அவள் சாரீரத்தைப் பற்றி நான் வர்ணிக்கப் போவதில்லை. வர்ணித்தால் நம்பமாட்டீர்கள். கல்யாணத்துக்கு முன்பு முறையாகப் பாட்டுக் கற்றுக்கொண்டவளாம். திரும்பி வந்த பிறகு கூடத்தில் உட்கார்ந்து பாடும் வழக்கம் நின்றுபோயிற்று. 'இனிமேல் என்ன பாட்டு வேண்டியிருக்கிறது' என்று யாரோ ஒரு பெரியவர் ஒருநாள் சொன்னாராம். ஒருநாள்தான் சொன்னாராம். அது அவளுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. விடியுமுன் கிணற்றடியில், எல்லாரும் தூங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் பாடுவாள். நான் சிறுவனாக இருந்தபோது கொல்லைப்புற ஜன்னலோரம் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். ஒருமுறை, "பாட்டி, நன்றாக இருந்தது, உள்ளே வந்து பாடேன்" என்றேன். "யாருடா பாடினா? ராட்டினம் கிறீச்சிட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் பாடவில்லை.

அவள் காலமானபோது நான் ஒன்றிரண்டு கதைகள் அச்சில் வந்துவிட்ட இளைஞன். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், "பாட்டி காட்டில் காய்ந்த நிலா" என்றேன். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். 'எழுதுகிற பையன் அல்லவா, எவ்வளவு அழகாகச் சொன்னான்' என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எல்லாரும் போன பிறகு, கூடத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்த என் அம்மா நிமிராமலே சொன்னாள்: "காடு என்னடா காடு? வீட்டிலே பதினோரு பேர் இருந்தோம்."

கடிதம் எழுதப்போன கை நின்றதற்குக் காரணம் இதுதான்.

கல்லூரியில் எங்களுக்குத் தாமஸ் கிரே என்ற ஆங்கிலக் கவிஞர் 1751-ல் வெளியிட்ட இரங்கற்பாவைப் பாடமாக வைத்திருந்தார்கள். கிராமத்து இடுகாட்டில் புதைந்து கிடக்கும் ஏழைகளைப் பற்றிய பாட்டு. வாய்ப்பிருந்தால் இவர்களில் எத்தனை பெரிய கவிகளும் தலைவர்களும் வெளிப்பட்டிருப்பார்களோ என்று ஏங்குமிடத்தில், ஆளில்லாப் பாலையில் மலர்ந்து வீணாகும் பூவை உவமை சொல்லுகிறார். ஆசிரியர் அந்த இடத்தை உருகி உருகி நடத்துவார். நாங்களும் உருகினோம். வெகுகாலம் கழித்து, வில்லியம் எம்ப்ஸன் என்ற விமரிசகர் 1935-ல் வெளியிட்ட நூலொன்றில் இந்த உவமையைப் பிடித்து உலுக்கியிருப்பதைப் படித்தேன். அவர் கேட்பதன் சாரம் இது: தன்னை யாரும் பறிக்கவில்லையே என்று எந்தப் பூவாவது வருத்தப்படுகிறதா? ஏழையைப் பூவோடு ஒப்பிட்டதும், அவன் வாய்ப்பில்லாமல் கிடப்பது ஏதோ இயற்கை என்பதுபோலவும், அதிலே ஓர் அழகு இருப்பதுபோலவும் நமக்குத் தோன்றிவிடுகிறது. செய்த அநியாயத்தை உவமை மறைத்துவிடுகிறது.

எம்ப்ஸன் ஒரு புத்தகத்தில் சொன்னதை என் அம்மா கையில் துடைப்பத்தோடு சொல்லிவிட்டாள்!

ஆக, அத்தைப் பாட்டிக்கு அந்தப் பழமொழி பொருந்தாது. சரி, பூவுக்காவது பொருந்துமா? மனிதக் கண் படாத அழகு வீண்தானா?

1903-ல் ஜி. இ. மூர் என்ற ஆங்கிலத் தத்துவ ஆசிரியர் ஒரு வேடிக்கையான கேள்வி கேட்டார். இரண்டு உலகங்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்று, மலையும் நதியும் நட்சத்திரமுமாக, நினைத்த அழகெல்லாம் நிறைந்தது. மற்றது ஒரே குப்பைமேடு. இரண்டையும் எந்தக் காலத்திலும் யாரும் பார்க்கப்போவதில்லை, பார்க்கவும் முடியாது. அப்படியானாலும் குப்பை உலகத்தைவிட அழகு உலகம் இருப்பது நல்லதல்லவா? நல்லதுதான் என்று மூர் அப்போது அடித்துச் சொன்னார். ஆனால் 1912-ல் எழுதிய இன்னொரு நூலில் அவரே பின்வாங்கிவிட்டார். உணர்கிற மனம் ஒன்று சம்பந்தப்படாமல் எதையும் தன்னளவில் நல்லது என்று சொல்ல முடியாது என்ற கட்சிக்கு வந்துவிட்டார். பெரிய தத்துவ ஆசிரியரே ஒன்பது வருஷத்தில் புரண்டு படுத்தால் என்போன்ற கதாசிரியன் என்ன செய்வது?

எனக்கு அதைவிடப் பிடித்தது, 1973-ல் பல்கேரியாவில் நடந்த ஓர் உலக மகாநாட்டில் ரிச்சர்ட் ரௌட்லி என்பவர் கேட்ட கேள்வி. அது கிட்டத்தட்ட ஒரு கதை. உலகத்தில் மனிதர் எல்லாரும் மாண்டு ஒரே ஒருவன் மிஞ்சியிருக்கிறான். அவனும் சாகப்போகிறான். அவனுக்குப் பின் இனி மனிதன் இல்லை. சாகுமுன் அவன், கண்ணில் படும் மரம், செடி, மிருகம் எல்லாவற்றையும் முடிந்தவரை அழித்துக்கொண்டே போகிறான். அவன் செய்வது தவறா? தவறு என்று நம் மனசு உடனே கூவுகிறது. ஆனால் நம் வழக்கமான நியாயங்களைக் கொண்டு தவறு எங்கே என்று காட்ட முடியவில்லை. எந்த மனிதனுக்கும் அவன் தீங்கு செய்யவில்லையே! அப்படியானால் நம்முடைய நியாயப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதாமல் விட்டுப்போயிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அதே 1973-ல்தான் அமெரிக்காவில் அழியும் உயிரினங்களைக் காக்கும் சட்டமும் பிறந்தது. அதன் முகப்பில் இந்த உயிரினங்கள் ஏன் மதிப்புள்ளவை என்று சொல்லியிருக்கிறார்கள். அழகு, சூழலியல், கல்வி, சரித்திரம், பொழுதுபோக்கு, விஞ்ஞானம் என்று நீளுகிறது அந்த வரிசை. யாருக்கு மதிப்பு? நாட்டுக்கும் அதன் ஜனங்களுக்கும். பூவுக்காகப் பேசவந்த வக்கீலும் கடைசியில் நம் லாபக் கணக்கைத்தான் நீட்டவேண்டியிருக்கிறது. இன்னொரு விநோதம்: அந்தச் சட்டத்தில் மிருகத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு செடிக்குக் கிடைப்பதில்லை. தனியார் நிலத்தில் முளைத்த அபூர்வச் செடியை நிலச் சொந்தக்காரர் பிடுங்கி எறிந்தால், மாகாணச் சட்டம் ஏதாவது குறுக்கிட்டாலொழிய, மத்தியச் சட்டம் வாயை மூடிக்கொண்டிருக்கும். காலுள்ள ஜீவன் யாருக்கும் சொந்தமில்லை. வேருள்ள ஜீவன் மண்ணுக்குரியவனுடைய சொத்து. நம்முடைய யோசனைகள் போகிற போக்கைப் பாருங்கள்!

ஆனால் இந்த விவாதமெல்லாம் ஒரு விஷயத்தை மறந்துவிட்டு நடக்கிறது என்று எனக்கு மெல்லப் பட்டது. 'யாரும் பார்க்காத பூ' என்கிறோமே, அது வாஸ்தவந்தானா? மருமகன் அனுப்பிய படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் தீற்றியிருந்த புகை!

இரவில் மலரும் இந்த இனத்துப் பூக்களைத் தேடி வருவது பருந்து விட்டில் என்று பெயர்பெற்ற ஒரு பெரிய விட்டில். தேன்சிட்டுபோல் அந்தரத்தில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலைப் பூவுக்குள் விட்டுத் தேன் குடிக்கும். இருட்டில் தெரியவேண்டும் என்றுதான் பூ வெள்ளையாக இருக்கிறது. மணமும் அதற்காகத்தான். அந்த விட்டிலின் புழுக்கள் அந்திப்பூ இனத்துச் செடிகளின் இலையையே தின்று வளர்வதும் உண்டு; கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது. எந்தக் கண்ணுக்காக அந்த வெள்ளை நிறம் ஏற்பட்டதோ அந்தக் கண் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. படத்தைக் கெடுக்கக் குறுக்கே வந்தது பூச்சியல்ல. அழைப்பில்லாமல் விளக்கோடு நடுவே போய் நின்றவன் என் மருமகன்.

இதை ஒரு பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்லவில்லை. 'பூவுக்கும் ரசிகர் உண்டு, ஆகவே அதற்கு மதிப்பு உண்டு' என்று முடித்தால் மறுபடியும் ரசிகர் கணக்குக்குள்தான் விழுகிறோம். விட்டில் ரசிக்கிறதா, பசிக்கு வருகிறதா என்று யார் கண்டது? ஆனால் 'வீண்' என்ற சொல்லை இனி அந்தப் பூவின்மேல் என்னால் போட முடியவில்லை. வீண் என்றால், ஒரு காரியத்துக்கென்று ஏற்பட்டு அந்தக் காரியம் நடக்காமல் போவது. நமக்கென்று ஏற்படாத ஒன்று நம்மிடம் வராததில் வீண் என்ன இருக்கிறது?

காப்பாற்றுவது என்பதும் நாம் நினைப்பதுபோல் அத்தனை சுலபமில்லை. நெப்ராஸ்கா மாகாணத்தின் மணற்குன்றுகளில் பென்ஸ்டமன் இனத்தைச் சேர்ந்த ஒரு பூச்செடி உண்டு. இளம் நீலப் பூ. மணமோ அபாரமான மணம். காற்று மணலைத் தோண்டி வெறுங்குழியாக்கிவிட்ட இடங்களில்தான் அது வளரும். மணல் பறப்பது நிலத்துக்கு நோய் என்று கருதிய விவசாயிகளும் நிபுணர்களும், தீயைத் தடுத்து, புல்லை வளர்த்து, குழிகளை ஆற்றினார்கள். நல்ல காரியந்தான். குழி ஆற ஆறப் பூ மறைந்தது. 1940-ஐ ஒட்டி அது உலகத்திலேயே இல்லை என்று முடிவுகட்டினார்கள். 1968-ல் மறுபடி கண்டெடுத்தார்கள். நிலத்தின் புண் என்று நாம் நினைத்தது அதற்கு வீடாக இருந்திருக்கிறது. (இதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் மணலைக் கிளறுவது நல்லதுதானே' என்று மருமகன் பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாலும் கிளம்புவான். காற்று வேறு, டயர் வேறு. அந்தக் குழி வேறு, இந்த மேடு வேறு.)

எனக்கு இதில் உறைத்தது ஒன்று. பூவைக் காப்பதென்றால் பெரும்பாலும் நாம் செய்யவேண்டியது விலகி நிற்பது. அல்லது, அதன் வழி என்ன என்று தெரிந்துகொண்டு நம் கையை மடக்கிக்கொள்வது. என் அத்தைப் பாட்டிக்கு அந்த வைத்தியம் செய்தாயிற்று. பதினோரு பேரும் விலகித்தான் நின்றோம். அவளைக் கிணற்றடியில் தனியே விட்டு, 'அவள் சுபாவம் அப்படி' என்றோம். செடிக்குச் செய்யும் மரியாதையை மனுஷிக்குச் செய்தோம். அது மரியாதையாக இருக்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது கூடத்தில் ஒரு பாயும், எதிரே உட்கார நாலு பேரும். பூவுக்கு நம் கண் வேண்டாம். அவளுக்கு வேண்டியிருந்தது. இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டுக்கும் ஒரே நிலாவைக் காய வைத்தேனே, அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

இதையெல்லாம் சுருக்கி மருமகனுக்கு எழுதினேன். பாட்டியைப் பற்றியும் எழுதினேன். அவன் அவளைப் பார்த்ததில்லை. ஒரு வாரத்தில் பதில் வந்தது. வக்கீலுக்குப் படித்திருக்கவேண்டியவன்.

"மாமா, நானும் விசாரித்தேன். 2018-ல் அந்தப் பூவை ஆபத்துப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்களாம். வண்டிகளைத் தடுத்ததால் பிழைத்துக்கொண்டது என்கிறார்கள். புல்லைக்கூட ஒரு படி இறக்கி, ஆபத்து குறைந்த வகுப்பில் வைத்துவிட்டார்கள். அப்படியிருக்கும்போது பலகையில் ஒரே ஒருமுறை சறுக்கினால்தான் என்ன? அதுவும் பூக்காத மாதமாகப் பார்த்துப் போகிறேன். மணல் பாடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கேட்கவேண்டுமானால் யாராவது மேலேயிருந்து மணலைச் சரியவிட்டுத்தானே ஆகவேண்டும்? பாட்டி பாடியதைக் கேட்க நீங்கள் ஜன்னலோரம் படுத்துக்கொள்ளவில்லையா?"

கடைசிக் கேள்வி என்னைக் கொஞ்சம் திணற அடித்துவிட்டது. பூக்காத மாதத்தில் விதைகள் மணலுக்குள்தான் இருக்கின்றன, மேட்டில் ஏற ஒருவனுக்கு அனுமதித்தால் நூறு பேர் வருவார்கள், மணலைக் காற்றே சரியவிடும், நீ கீழே உட்கார்ந்து காத்திருந்து கேள் என்றெல்லாம் எழுதினேன். ஜன்னலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நான் கேட்டேன் என்று தெரிந்த பிறகுதானே அவள் ஒரு மாதம் பாடாமல் இருந்தாள்?

பலகையை அவன் இன்னும் விற்கவில்லையாம். வரும் ஏப்ரலில் மறுபடி போகப்போகிறானாம், பூக்கும் சமயத்தில். கைவிளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் எவ்வளவு தெரிகிறது என்று எழுதும்படி கேட்டிருக்கிறேன்.